உரமிடாத வயலுக்கு ஊட்டுவது யார்?

கொச்சி சுள்ளிக்கல்லிலிருந்து தெற்கே போனால் கும்பளங்கி, செல்லானம் பக்கம் பொக்காளி வயல்கள் உண்டு. கடல் ஏறினால் உப்புநீர் புகும் நிலம் அது. ஜூன் மழை உப்பைக் கழுவியதும் மண்ணை மேடாகக் குவித்து விதைப்பார்கள். அறுவடையில் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே இறால் வளரும். யூரியாவும் இல்லை, சூப்பர் பாஸ்பேட்டும் இல்லை; ஆனாலும் நெல் ஆளுயரம் நிற்கிறது.

வண்டல், அழுகிய தாள், இறால் கழிவு எல்லாம் சமையல் சாமான்கள்தாம். சமைத்துப் போடுபவை மண்ணின் பாக்டீரியாக்கள்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுகியிருப்பதால் பயிரால் அதை எடுக்க முடியாது. அதைப் பிரிக்க உர ஆலைக்கு 400 டிகிரி செல்சியஸ் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். நெல் வேரை ஒட்டி வாழும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா, நைட்ரோஜினேஸ் என்ற நொதியைக் கொண்டு மண்ணின் இயல்பான சூட்டிலேயே நைட்ரஜனை அம்மோனியா ஆக்கிவிடுகிறது. அந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. நீர் தேங்கிய சேறு அதற்கு நல்ல காப்பு. உளுந்துச் செடியில் இந்தக் காப்பு வேர்முடிச்சுக்குள் இருக்கிறது; அதைக் கீறினால் இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறமிதான் அங்குள்ள ரைசோபியம் என்ற பாக்டீரியாவுக்காக ஆக்சிஜனை அளந்து விடுகிறது.

பாஸ்பரஸின் கதை வேறு. அது மண்ணிலேயே இருக்கிறது. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. வயலில் நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும், சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பைக் கொண்டு சுவாசிக்கின்றன. அப்போது இரும்பு கரைந்து, பாஸ்பரஸ் விடுபடுகிறது. மேட்டு நிலத்தில் பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்றவை அமிலம் சுரந்து அதைக் கரைக்கின்றன.

தமிழ்நாட்டு உழவர்களுக்கு இவை அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்று 200 கிராம் பொட்டலங்களில் கிடைக்கின்றன. ஆறிய அரிசிக்கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்த வேண்டும். உள்ளே இருப்பவை உயிர்கள். வெயிலும் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் அவற்றைக் கொன்றுவிடும்.

வயலில் இடும்போது தொழு உரத்தோடு கலந்து இடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மட்கு இல்லாத மண்ணில் இவையே பட்டினி கிடக்கும். பொக்காளி உழவர் வயலில் விட்டுவரும் தாள், நமக்குச் சோறு போடும் இந்த உயிர்களுக்கான சோறு.