வசந்தத்தின் வெண்தண்டும் உப்பில் கனிந்த ஹாமும்

ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பின் ஜெர்மனிக்குச் செல்வோர், சாலையோரங்களிலும் சந்தைகளிலும் புதிதாகத் தோன்றியிருக்கும் சிறு கடைகளைக் காண்பார்கள். அங்கே கட்டைவிரல் பருமனில், பால்வெண்மையாய், கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருப்பது வெள்ளை அஸ்பாரகஸ். 'ஷ்பார்கல்' என்பது அதன் ஜெர்மானியப் பெயர். உணவகங்கள் இதற்கெனத் தனி உணவுப்பட்டியலே வைக்கின்றன. ஜூன் 24, புனித யோவான் திருநாளன்று பருவம் முடிந்துவிடும். ஆகவே இதைச் சுவைக்க விரும்புவோர் பயண நாளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கருத்திற் கொள்வது நல்லது.

வெள்ளையும் பச்சையும் ஒரே தாவரத்தின் தண்டுகளே. நம் சித்த மருத்துவத்தில் பயன்படும் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். வளரும் தண்டின் மீது மண்ணைக் குவித்து வெயில் படாமல் மறைத்தால் பச்சையம் உருவாவதில்லை. தண்டு வெண்மையாகவே இருக்கிறது. நுனி மண்ணைப் பிளந்து வெளியே வந்துவிட்டால் ஊதா நிறம் ஏறி, பிறகு பச்சையாகிவிடும். எனவே அறுவடையாளர் மண்ணை விரலால் விலக்கி, ஒவ்வொரு தண்டையும் நீண்ட கத்தியால் தனித்தனியே வெட்டி எடுத்து, மண்ணை மீண்டும் மூடுகிறார். இக்குனிந்த உழைப்பைப் பெரும்பாலும் செய்பவர்கள் ருமேனியா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து வரும் பருவகாலத் தொழிலாளர்கள். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், பெருந்தொற்றால் எல்லைகள் மூடியிருந்த வேளையிலும், ஜெர்மனி அவர்களை விமானத்தில் வரவழைத்தது. தட்டில் உள்ள விலையில் இக்கைகளின் உழைப்பும் அடங்கியிருக்கிறது.

பெர்லினுக்கு அருகிலுள்ள பேலிட்ஸ், ஹைடெல்பெர்க்கை அடுத்த ஷ்வெட்சிங்கன், பவேரியாவின் ஷ்ரோபென்ஹவுசன் ஆகியவை இதற்குப் புகழ்பெற்ற ஊர்கள். இத்தாலியின் பஸ்ஸானோவில் இதை முட்டையுடன் உண்கிறார்கள். ஸ்பெயினின் நவார்ரா, பதப்படுத்திப் புட்டியில் அடைத்த வெண்தண்டுக்குப் பெயர்பெற்றது.

தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே உள்ளது. அதன் சுவை மென்மையானது. இலேசான இனிப்பும் சிறு கசப்பும் கலந்தது. அதற்குத் துணையாக வைக்கப்படுவது ஹாம், அதாவது பன்றியின் தொடை இறைச்சி. உப்பு இறைச்சியின் ஈரத்தை இழுத்துவிடுவதால் கிருமிகள் பெருக முடிவதில்லை. மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்தும்போது புரதங்கள் சிதைந்து ஆழ்ந்த சுவை பிறக்கிறது. அந்த உப்பும் கொழுப்பும் தண்டின் மென்மையை எடுத்துக்காட்டுகின்றன. வேகவைத்த உருளைக்கிழங்கும், உருக்கிய வெண்ணெயோ ஹாலண்டேஸ் சாறோ உடன் வரும்.

ஹாமிலும் வகைகள் உண்டு. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் ஹாம் ஊசியிலை மரப் புகையில் பக்குவமடைவது. இத்தாலியின் பார்மா ஹாமில் இறைச்சியும் உப்பும் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை. அதன் தோலில் ஐந்து முனைக் கிரீட முத்திரை சுடப்பட்டிருக்கும். ஸ்பெயினின் இபேரிக்கோ ஹாமுக்கு 2014 முதல் நான்கு நிறச் சீட்டுகள் வழக்கத்தில் உள்ளன. கறுப்புச் சீட்டு, ஓக் மரக் கொட்டைகளை மேய்ந்து வளர்ந்த தூய இபேரிக்கோ இனத்தைக் குறிக்கும். விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. கடையில் முழுத் தொடை வாங்க வேண்டியதில்லை; நூறு கிராம் மெல்லியதாக அரிந்து தரக் கேட்கலாம்.

சைவ உணவினர் தயங்க வேண்டாம். 'ஓனே ஷிங்கன்' என்றால் 'ஹாம் இல்லாமல்' என்று பொருள். ஹாலண்டேஸில் முட்டைக்கரு இருப்பதால், முட்டையும் தவிர்ப்போர் உருக்கிய வெண்ணெயைக் கேட்டுப் பெறலாம். தங்குமிடத்தில் சமைப்பவர்கள், அடிவெட்டு ஈரமாக உள்ள தண்டுகளை வாங்குக. ஒன்றோடொன்று உரசினால் கிறீச்சிட வேண்டும். நுனிக்குக் கீழிருந்து அடிவரை தோலைச் சீவாவிடில் நார் பல்லில் சிக்கும்.

பணம் செலுத்துவதிலும் சிறு கவனம் தேவை. அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே செயற்படுத்திக் கொள்ளுங்கள். கருவி 'யூரோவா, ரூபாயா' என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் கடைக்காரர் தரப்பு மாற்று விகிதம் பொருந்தும், அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. இறைச்சிப் பொருள்களைத் தாயகம் கொண்டுவரக் கட்டுப்பாடுகள் உண்டு. எனவே ஹாமை அங்கேயே உண்டு மகிழ்வதே முறை.

ஜூன் 24க்குப் பிறகும் தண்டு முளைக்கத்தான் செய்யும். ஆயினும் விவசாயி வெட்டுவதில்லை. எஞ்சிய தண்டுகள் செடியாய்ப் படர்ந்து, கோடை வெயிலை உண்டு, வேரில் வலுவைச் சேமிக்கின்றன. அடுத்த வசந்தத்தின் விளைச்சல் அச்சேமிப்பிலிருந்தே வருகிறது. ஆசைக்கு இணங்கி வெட்டிக்கொண்டே இருந்தால் முதலுக்கே மோசம் வரும். வட்டியை உண்டு முதலைக் காக்கும் அப்பழக்கமே, ஒரே பாத்தியில் பல ஆண்டுகள் வெண்தண்டு விளையக் காரணம்.