தேனடையில் படியும் ஈயம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் செங்குன்றம், சோழவரம், கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என வரிசையாக ஊர்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் சோழவரம் ஏரியும் வயல்களும் இருக்கும் இதே பகுதியில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் இருக்கிறது. இரும்பு உருக்கும் உலைகள், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகள், இரவு பகலாக ஓடும் லாரிகள். இங்கே கிளம்பும் உலோகத் தூசு மனிதர்களை என்ன செய்கிறது என்று அவ்வப்போதாவது பேசுகிறோம். தேனீக்களைப் பற்றிப் பேசுவதில்லை. பூசணி, பாகல், தர்பூசணிக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு பிடிப்பது கடினம்.

தேனீயின் உடலெங்கும் மெல்லிய ரோமம். பறக்கும்போது அதில் மின்னேற்றம் உண்டாகும். மகரந்தத்தை ஒட்டவைக்கும் அந்த மின்னேற்றமே தூசையும் இழுத்துக்கொள்கிறது. மண்ணில் சேர்ந்த காட்மியம் போன்ற உலோகங்களைச் செடி உறிஞ்சினால், மகரந்தத்திலும் அவை ஏறுகின்றன. அந்த மகரந்தம்தான் கூட்டில் புழுக்களுக்கு உணவு.

மாசு தேனீயைப் பாதிக்கிறது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கீதா திம்மேகவுடா, ஷானன் ஓல்சன் குழுவினர் 1,800க்கும் மேற்பட்ட மலைத்தேனீக்களை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். காற்று மாசு மிதமாகவும் அதிகமாகவும் இருந்த இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 சதவீதத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் இறந்துவிட்டன. இதயத் துடிப்பு தடுமாறியது. ரத்த அணுக்கள் மாறியிருந்தன. பூவுக்கு வருவதும் குறைந்தது. உடலில் படிந்த தூசில் ஈயமும் ஆர்சனிக்கும் இருந்தன. நகரக் காற்றில் பலவும் கலந்திருப்பதால் பழி முழுவதையும் உலோகத்தின் மேல் போட முடியாது.

உலோகத்தைத் தனியே கொடுத்துப் பார்த்தது பிரான்ஸின் துலூஸ் நகரிலுள்ள மத்தியூ லிஓரோ குழு. ஈயம், செம்பு, ஆர்சனிக் கலந்த சர்க்கரைக் கரைசலை உண்ட தேனீக்களுக்கு மணத்தைக் கற்று நினைவில் வைக்கும் திறன் மங்கியது. கெடுதல் செய்யும் அளவில் உலோகம் கலந்திருந்தாலும், உணவில் அதை அவற்றால் கண்டுகொள்ள முடிவதில்லை என்பதும் அவர்கள் சோதனைகளில் தெரிந்தது. பூவை மறந்த தேனீ உயிரோடு இருந்தும் கூட்டுக்குப் பயன் இல்லை.

நம் நாட்டில் 2009இல் வகுத்த காற்றுத் தர விதிப்படி ஈயத்தின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மனிதர் ஆரோக்கியத்தை முன்வைத்த வரம்பு அது. பூவில் படிந்ததும் மண்ணில் சேர்ந்ததும் அந்தக் கணக்கில் வராது. அவற்றை அளக்கத் தேனீயே உதவும். கனடாவின் வான்கூவரில் நகரத் தேனை ஆராய்ந்து ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்தார்கள். ஆனால் தேனை மட்டும் சோதித்தால் போதாது. தேனீயின் உடலில் தங்கும் அளவுக்கு உலோகம் தேனில் இறங்குவதில்லை.

இந்த ஊர்கள் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே சில தேன்பெட்டிகள், சோழவரத்தில் சில, சிப்காட் ஓரத்தில் சில வைத்து, தேனீ, மகரந்தம், மெழுகு மூன்றையும் ஆண்டுதோறும் சோதிக்கலாம். பெரிய செலவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதில் கைகோத்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும்.