கிளாக்கோமா சொட்டு மருந்து: ‘பார்வை தெளியலை’ன்னு நிறுத்தலாமா?

‘மூணு மாசமா மருந்து விடுறேன், ஒரு மாற்றமும் தெரியலை. எதுக்கு வீண் செலவு?’ - உங்கள் அப்பாவோ அம்மாவோ இப்படிச் சொன்னால் உஷாராகிவிடுங்கள். பார்வையைக் கூட்டுவது இந்த மருந்தின் வேலையே இல்லை. இருக்கும் பார்வையைக் காப்பதுதான் அதன் வேலை.

என்ன நடக்கிறது?

கண்ணுக்குள் ஒரு திரவம் எப்போதும் சுரந்து வடிந்துகொண்டே இருக்கும். சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பாதிக்கப்படும். பெரும்பாலும் வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வை மெதுவாகக் குறைவதால் பல வருஷம் தெரியவே தெரியாது. போன பார்வை திரும்பவும் வராது.

மருந்து என்ன செய்யும்?

லட்டானோபிராஸ்ட் திரவம் வடிவதை அதிகப்படுத்தும்; டிமோலால் சுரப்பைக் குறைக்கும். அழுத்தம் கூடியிருந்தும் நரம்பு பாதிக்கப்படாதவர்களிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2002-ல் வெளியான அதன் முடிவுப்படி, 5 ஆண்டுகளில் மருந்து விடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா வந்தது. மருந்து விட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

எப்படி விடுவது?

* கையைக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள்.
* தலையைச் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அதற்கு மேல் விட்டால் கன்னத்தில் வழிந்து வீணாகும்.
* பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது.
* கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை 2 நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலப்பது குறையும்.
* இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிஷ இடைவெளி விடுங்கள்.

கவனம்!

ஆஸ்துமா இருந்தாலோ, இதயத் துடிப்பு குறைவாக இருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிமோலால் அவர்களுக்கு ஆபத்தாகலாம். லட்டானோபிராஸ்ட்டால் கண் சிவக்கலாம், இமை முடி நீளலாம். தொந்தரவு இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள், வேறு மருந்து மாற்றித் தருவார். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடவே கூடாது. அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடலாம்.

தினமும் ஒரே நேரத்துக்கு அவர்கள் போனில் அலாரம் வைத்துக் கொடுங்கள். பெற்றோருக்கு கிளாக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அடுத்த முறை அவர்களை செக்கப் கூட்டிப் போகும்போது, உங்கள் கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.