சாரையா, நாகமா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படை நடுங்குவதோடு நின்றுவிடும். நம் ஊர்களிலோ உடனே தடி ஓங்கப்படும். வயல் வரப்புகளில் 'நல்லபாம்பு' என்று எண்ணி அடித்துப் போடப்படுபவற்றுள் நஞ்சே இல்லாத சாரைப்பாம்பும் உண்டு. ஆகவே இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது உழவர்களுக்கு மிகவும் தேவையானது.

சாரை பொதுவாக ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரை வளரும். கண்கள் பெரியவை, பாவை வட்டமானது. தலை கழுத்தைவிட அகன்று தெளிவாகத் தெரியும். உதட்டுச் செதில்களுக்கிடையே மையால் கீறியது போன்ற கருங்கோடுகள் இருக்கும். உடலின் பின்பகுதியில் கருமையான குறுக்குப் பட்டைகள் காணப்படும். பகலில் இரை தேடும். ஆளைக் கண்டால் விரைந்து ஓடிவிடும்.

நாகத்திற்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம். சினந்தால் கழுத்தைத் தட்டையாக விரித்துப் படமெடுக்கும். ஆனால், படமெடுக்காத பாம்பெல்லாம் சாரை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமைதியாக ஊர்ந்து செல்லும் நாகம் படமெடுப்பதில்லை. சாரையும் மடக்கப்பட்டால் கழுத்தை உப்பவைத்துச் சீறும். நிறத்தை நம்புவதும் தவறு. இரண்டிலும் மஞ்சள், பழுப்பு, கருமை எனப் பல நிறங்கள் உண்டு.

சாரை ஆண், நாகம் பெண். இரண்டும் பிணையும் என்பது கிராமங்களில் வழங்கும் நம்பிக்கை. உண்மையில் இவை வெவ்வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் உண்டு. மக்கள் 'பிணையல்' என்று காண்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் முறுக்கிக்கொண்டு வலிமை காட்டும் போட்டியே.

சாரையின் முக்கிய இரைகளுள் ஒன்று எலி. வளைக்குள்ளேயே புகுந்து பிடிக்கும். சாரையைக் கொன்றுவிட்டு எலி மருந்துக்குக் காசு செலவழிப்பது என்ன கணக்கு? ஒரு காலத்தில் தோலுக்காகவும் இவை பெருமளவில் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று சாரைக்கும் காவலாக உள்ளது.

ஓர் எச்சரிக்கை: அடையாளம் காண்பது தொலைவில் நின்றுதான், கையில் பிடித்துப் பார்ப்பதற்கன்று. கடி பட்டுவிட்டால் எந்தப் பாம்பு என்று ஆராய்ந்து நேரத்தைப் போக்காமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கீறுவதும், இறுகக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இங்கு என்னைப் போன்ற உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர். ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவையில் கண்ட சாரையைப் பற்றி வீட்டுத் திண்ணையிலும் பேசுவோம். ஓங்கிய தடி ஒன்று தாழ்ந்தாலும் நாம் படித்ததற்குப் பயன் உண்டு.