மாமியார் வீட்டு முள்பந்து

செய்யூர் உப்பளக் காற்றில் வளர்ந்தவன் நான். எலி, பெருச்சாளி, கீரி எல்லாம் அத்துப்படி. முள்ளெலி மட்டும் பார்த்ததில்லை. அதைக் காட்டியது... மாமியார் வீடு!

தீபாவளிக்குச் சாத்தான்குளம் போயிருந்தோம். தலை தீபாவளி இல்லை, ஏழாவது. அதனால் மரியாதை கொஞ்சம் கம்மிதான். ராத்திரி பத்து மணி. கொல்லையில் சரசரவென்று சத்தம். பாம்போ என்று ஸ்டூல் மேல் ஏறி நின்று (வீரம்!) டார்ச் அடித்தேன்.

முருங்கை மரத்தடியில் கூர்மூக்கோடு ஒரு சின்ன உருவம். ஈர மண்ணை மோந்து மோந்து பார்த்து, வண்டு ஒன்றைக் கறுக்மொறுக்கென்று தின்கிறது. வெளிச்சம் பட்டதும் சுருண்டது. சாத்துக்குடி சைஸில் முள்பந்து!

பேர்தான் எலி, எலி ஜாதியே இல்லை. முள்ளம்பன்றியாவது எலிக்குத் தூரத்துச் சொந்தம். இது மூஞ்சூறு பக்கத்து உறவு. பூச்சிதான் முக்கிய சாப்பாடு. தென்னிந்தியாவை விட்டால் இந்த இனம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1851-ல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற விஞ்ஞானி வைத்த பெயருக்கு 'வெற்று வயிறு' என்று அர்த்தம். அடிவயிற்றில் முடி குறைவாம். மாதக் கடைசியில் நமக்கும் பொருந்துகிற பெயர்!

மூன்று ராத்திரி தவறாமல் ஆஜர். என் நாலு வயசுப் பையன் அதற்கு 'பந்து மாமா' என்று பேரே வைத்துவிட்டான்.

நாலாம் ராத்திரி பையனுக்கு விடாத இருமல். கொல்லைக்குப் போனால், கவிழ்த்த கூடைக்கு அடியில் பந்து மாமா. மேலே அம்மிக்குழவி.

"இதென்ன அத்தை?"

"முள்ளைச் சுட்டு, சாம்பலைத் தேன்ல குழைச்சுக் குடுத்தா கக்குவான் நின்னுரும் மருமவனே."

எனக்குத் திக்கென்றது. அத்தை கல்நெஞ்சக்காரி இல்லை. தடுப்பூசி வீட்டுக்கு வீடு வராத காலத்தில், குழந்தைகள் மூச்சுத் திணறியதைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் பயம்தான் இந்த வைத்தியம். அதில் எத்தனை முள்ளெலிகள் போயினவோ!

"காலையில டாக்டர்கிட்ட காட்டிடறேன். அதுவரைக்கும் டைம் குடுங்க அத்தை" என்றேன், மானேஜரிடம் லீவு கேட்கிற குரலில்.

டாக்டர் தடுப்பூசி அட்டையைப் புரட்டினார். "கக்குவானுக்கு ஊசியெல்லாம் சரியாப் போட்டிருக்கீங்க. இது வெறும் சளி இருமல்" என்றார். அன்று ராத்திரி பையன் நிம்மதியாகத் தூங்கினான். அத்தையே போய்க் கூடையைத் தூக்கினார்.

"போ, போயி வண்டு புடிச்சுத் தின்னு."

முள்ளெலி, கழுதைப்புலி, சிங்கவால் குரங்கு உள்பட நாலு உயிரினங்களைக் காக்கத் தமிழக அரசு 2025-ல் ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. முள்ளெலியைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்கு நேரத்தோடு போடுகிற ஊசியும் ஒரு பாதுகாப்புத் திட்டம்தான் சார்!

செய்யூர் திரும்பியதிலிருந்து தினம் ராத்திரி கொல்லையில் டார்ச் அடிக்கிறேன். பெருச்சாளிதான் முறைக்கிறது.

"எங்கம்மா வீட்டுக்குப் போகணும்னா நேராவே சொல்லலாமே!" என்கிறாள் மனைவி.