போட்டோவைப் பார்த்து “இவன்தான்” என்றார் பெண்! நிரபராதிக்கு 10 ஆண்டு ஜெயில்!!

“ஒரு தடவை பார்த்தால் போதும், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்” என்று மார் தட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் அவசியம் படிக்க வேண்டிய கதை இது.

அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலம், பர்லிங்டன் நகரம். 1984-ம் ஆண்டு ஜூலை மாதம். ஒரு கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் புகுந்த ஆசாமி, கத்தியைக் காட்டி மிரட்டி பலாத்காரம் செய்தான்.

மாணவி தைரியசாலி. “உயிர் பிழைத்தால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்” என்று அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு தப்பி ஓடினார்.

6 போட்டோ

போலீசார் 6 போட்டோக்களைக் காட்டினார்கள். ரொனால்ட் காட்டன் என்பவர் படத்தின் மீது விரல் வைத்தார் மாணவி. அடுத்து ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். அங்கேயும் காட்டனையே காட்டினார்.

இங்கேதான் கோளாறு. போட்டோவிலும் வரிசையிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான்! மனதில் பதிந்தது குற்றவாளியின் முகமா, போட்டோ முகமா?

1985-ல் காட்டனுக்கு ஆயுள் தண்டனை. 1987 மறு விசாரணையில் பாபி பூல் என்ற கைதியை கோர்ட்டில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். “இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை” என்றார் பெண்.

1995-ல் டி.என்.ஏ. சோதனை நடந்தது. நிஜக் குற்றவாளி அந்த பூல்தான்! பத்தரை ஆண்டு கம்பி எண்ணிய காட்டன் விடுதலையானார். அந்தப் பெண் கண்ணீரோடு மன்னிப்பு கேட்டார்.

2 பேர், 9 பேர் ஆனார்கள்!

பழகிய முகம் என்றால் மங்கலான படத்திலும் “அட, நம்ம அண்ணன்” என்று சொல்லி விடுகிறோம். அன்னிய முகம் அப்படி இல்லை. வெளிச்சம், தலைமுடி, கேமரா கோணம் கொஞ்சம் மாறினாலும் ஆளே மாறிப் போகிறது.

2011-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி இது. நெதர்லாந்து பிரபலங்கள் 2 பேரின் 40 போட்டோக்களை பிரிட்டனில் கொடுத்து, “இதில் எத்தனை பேர்?” என்று கேட்டார்கள். 9 பேர், 16 பேர் என்றெல்லாம் பதில் வந்தது. 2 என்று ஒருவர் கூட சொல்லவில்லை!

பழக்கப்பட்ட அதிகாரி என்றால்? 2014-ல் வெளியான சோதனையில், ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் அதிகாரிகள் வேறு ஆளின் போட்டோவை 100-க்கு 14 தடவை “சரி” என்று விட்டு விட்டார்கள். சர்வீஸ் ஆண்டுகள் கைகொடுக்கவில்லை.

புது சட்டம்

2007-ல் வடக்கு கரோலினா சட்டம் கொண்டு வந்தது. சந்தேக ஆசாமி யார் என்று தெரியாத அதிகாரிதான் போட்டோ காட்ட வேண்டும். “குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம்” என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்லி விட வேண்டும்.

நாளைக்கு உங்களிடமும் யாராவது போட்டோவை நீட்டி “இவன்தானே?” என்று கேட்கலாம். நிச்சயமாகத் தெரியாவிட்டால், “தெரியலீங்க” என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒருவருடைய 10 ஆண்டு வாழ்க்கை உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.