சிசுவின் இருதயமும் இரண்டாம் நாட் சோதனையும்

பிள்ளை பிறந்துவிட்டது. அழுகிறது, பால் குடிக்கிறது, கண்ணயர்கிறது. பார்க்க வந்தோரெல்லாம் மகிழ்கின்றனர். தாயும் சேயும் வீடு திரும்புகின்றனர். ஆயின், துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள் வருமுன்னரே சில சிசுக்கள் நிறம் மாறி, மூச்சுத் திணறி, மீண்டும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படுவதுண்டு. சிலவேளை காலம் கடந்துவிடுகிறது. நேற்றுவரை நலமாயிருந்த பிள்ளைக்கு இஃது எங்ஙனம் நேர்ந்தது?

கருவிலிருக்கும் சிசு மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசன் தாயின் இரத்தத்திலிருந்து தொப்புட்கொடி வழியே கிடைக்கின்றது. ஆதலால் இரத்தம் சுவாசப்பைக்குச் செல்லாது விலகிப் போவதற்கென இருதயத்தின் அருகே ஒரு சிறு இணைப்புக் குழாயை இயற்கை அமைத்துள்ளது. பிறந்த சில நாட்களில் அக்குழாய் தானே மூடிக்கொள்ளும். நல்ல இருதயத்திற்கு இதனால் யாதொரு தீங்குமில்லை. ஆனால் பெருநாடிகள் இடம் மாறியோ, பெருநாடி ஒடுங்கியோ, இருதயத்தின் இடப்பாகம் வளராமலோ பிறந்த பிள்ளைக்கு அக்குழாயே உயிர்வழி. அது திறந்திருக்கும்வரை நோய் மறைந்திருக்கும். மூடும்போது ஆபத்து வெளிப்படும்.

ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டு அல்லது ஒன்பது பேர் ஏதேனுமோர் இருதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு முதலாண்டிலேயே சத்திரசிகிச்சையோ வேறு தீவிர சிகிச்சையோ வேண்டியிருக்கும்.

இரத்தத்தில் ஒட்சிசன் சற்றே குறைந்தால் அதனைக் கண்ணாற் காண்பது அரிது. நம்மைப் போன்ற கருநிறத்தாரில் இன்னும் அரிது. இக்குறையைத் தீர்க்கும் கருவி 'பல்ஸ் ஒக்சிமீற்றர்' ஆகும். ஒட்சிசன் நிறைந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சும் என்பது இதன் அடிப்படை. நாடித் துடிப்போடு மாறும் ஒளியளவைக் கொண்டு ஒட்சிசனைக் கணிக்கும் முறையை 1974ஆம் ஆண்டு யப்பானிய அறிஞர் தக்குவோ அயோயாகி வெளியிட்டார்.

சோதனை எளியது, ஊசியில்லை, வலியில்லை. பிறந்து 24 மணி நேரத்தின் பின் பிள்ளையின் வலக்கையிலும் ஒரு பாதத்திலும் கருவியைச் சுற்றுவர். வலக்கைக்கு இரத்தம் இணைப்புக் குழாய்க்கு முன்னரும், பாதத்திற்கு அதன் பின்னரும் பிரிந்து செல்வதே இரண்டிடத்திலும் பார்ப்பதன் காரணம். இரண்டும் நூற்றுக்கு 95க்குக் குறையாதிருந்து, வேற்றுமை 3க்கு மேற்படாதாயின் நன்று. ஏதேனும் 90க்குக் கீழாயின் வைத்தியர் உடனே ஆராய்வார். இடைப்பட்டதாயின் ஒரு மணி நேரத்தின் பின் மீண்டும் சோதிப்பர்.

சுவீடனின் ஒரு பகுதியில் 39,821 சிசுக்களைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அக்குழாயை நம்பி வாழும் சிசுக்களுள், நோய் அறியப்படாமலே வீடு சென்றோர் ஏனைய பகுதிகளில் நூற்றுக்கு 28 பேர். சோதனை நடந்த பகுதியில் 8 பேர் மாத்திரமே. ஐக்கிய அமெரிக்காவில் 2011இல் இச்சோதனை எல்லாச் சிசுக்களுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அதனைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் இந்நோய்களால் நேரும் சிசு மரணம் மூன்றிலொரு பங்களவு குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

முன்னரே அறிந்தால் 'புரொஸ்ரகிளண்டின்' எனும் மருந்தைச் செலுத்தி, சத்திரசிகிச்சை செய்யும்வரை அக்குழாயைத் திறந்தே வைத்திருக்கலாம். சில மணி நேர முன்னறிவு ஓர் ஆயுளையே தரவல்லது.

எனினும் இச்சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடாது. பெருநாடி ஒடுக்கம் சிலவேளை தப்பிவிடும். கருநிறத் தோலில் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே, பால் குடிக்கையில் பிள்ளை களைத்து வியர்த்தாலும், விரைந்து மூச்சு வாங்கினாலும், உதடும் நாவும் நீலம் பாய்ந்தாலும், "சோதனையில் நன்றென்றார்களே" என வாளாவிருத்தல் தகாது. உடனே வைத்தியரை நாடுக.

வீடு திரும்புமுன் பிள்ளையின் நிறையைக் கேட்டறிகிறோம். பிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். "கையிலும் காலிலும் ஒட்சிசன் பார்த்தீர்களா?" என்று இன்னுமொரு கேள்வியையும் கேட்போமாக.